குற்றஞ்சாட்டப்பட்ட குருக்களின் பங்கு மாற்றங்களைத் தேடித் தொகுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கத்தோலிக்கக் குருவின் பணி வரலாறு என்பது, அவர் குருப்பட்டம் பெற்ற ஆண்டு தொடங்கி, எந்த ஆண்டில் எந்தப் பங்கில் (குருவின் பொறுப்பில் உள்ள உள்ளூர்த் தேவாலய வட்டாரம்), எந்தப் பொறுப்பில், யார் யாருடன் இருந்தார் என்பதை வரிசையாகக் காட்டும் அட்டவணை. பெரும்பாலான குருக்களின் அட்டவணையில் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது. சிறாரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருடைய அட்டவணை அப்படிப்பட்டதல்ல. அவர் என்ன செய்தார் என்பதை அது சொல்லாவிட்டாலும், அவரை யார், எப்போது, எங்கே அனுப்பினார்கள் என்பதை அது சொல்லிவிடும்.

பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் குரு ஜான் கேகன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. (மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பல பங்குகளின் தொகுதி; பேராயரின்கீழ் உள்ளது உயர்மறைமாவட்டம்.) 1962இல் குருப்பட்டம் பெற்ற அவர் சாகஸ், கான்கார்ட், ஹிங்கம், ஜமைக்கா பிளெய்ன், டார்செஸ்டர், வெஸ்டன் என்று ஆறு பங்குகளில் பணியாற்றினார். 1980இல் ஜமைக்கா பிளெய்னிலிருந்து உடல்நல விடுப்பில் அனுப்பப்பட்டார். 1981இல் டார்செஸ்டருக்கு நியமிக்கப்பட்டார். அங்கிருந்து அகற்றப்பட்டு 1984இல் வெஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அந்த நியமனத்தின் மீது தமக்குள்ள கவலையைத் துணை ஆயர் ஜான் டார்சி அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் பேராயர் பெர்னார்ட் லாவுக்குக் கடிதமாகவே எழுதினார். கேகன் வெஸ்டனில் 1993 வரை இருந்தார். 130க்கும் மேற்பட்டோர் அவர்மீது குற்றஞ்சாட்டியிருப்பதை 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளியிட்டது. ஊரையும் ஆண்டையும் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தாலே, தெரிந்திருந்தும் அனுப்பினார்களா என்ற கேள்வி தானாக எழுவதைப் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை அமெரிக்க மறைமாவட்டங்களைப் பற்றியது. ஆண்டுதோறும் அச்சான நியமனப் பட்டியல்கள், நீதிமன்ற உத்தரவால் வெளிவந்த கோப்புகள், அரசு வழக்குரைஞர்களின் அறிக்கைகள் ஆகிய மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைப்பதால், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அதுவே ஏற்ற களம்.

தேடலுக்கு முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலில் மூன்று விவரங்களைத் திரட்டுங்கள்: நடுப்பெயரின் முதலெழுத்து உட்பட முழுப்பெயர், குருப்பட்டம் பெற்ற ஆண்டு, அவர் எந்த மறைமாவட்டத்தை அல்லது எந்தத் துறவற சபையைச் சேர்ந்தவர் என்பது. மூன்றும் பொருந்தாதவரை ஒருவரை இன்னார் என்று முடிவு செய்யாதீர்கள். அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் மிகுந்த மறைமாவட்டங்களில் மர்ஃபி, சல்லிவன், கெல்லி ஆகிய குடும்பப் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும்; ஒரே முதற்பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட இரு குருக்கள் ஒரே காலத்தில் அடுத்தடுத்த ஊர்களில் இருப்பதும் வழக்கமே. குற்றமற்ற ஒருவரின் பங்கு, குற்றஞ்சாட்டப்பட்டவருடைய அட்டவணைக்குள் வந்துவிட்டால், அந்தப் பழியை நீக்குவது எளிதல்ல. துறவிகள் சிலர் சபையில் சேரும்போது பெற்ற பெயரை 1960களின் பிற்பகுதியில் கைவிட்டுத் திருமுழுக்குப் பெயருக்குத் திரும்பினார்கள் என்பதால், அவர்களை இரு பெயர்களிலும் தேட வேண்டியிருக்கும்.

குருப்பட்ட ஆண்டு தெரியாவிட்டால், பட்டம் பெற்ற வெள்ளிவிழா அல்லது பொன்விழாச் செய்தியை மறைமாவட்ட இதழில் தேடுங்கள். 25ஐயோ 50ஐயோ கழித்தால் ஆண்டு கிடைத்துவிடும்.

ஆண்டுக் கையேட்டைப் படிக்கும் முறை

வேலையின் முதுகெலும்பு, ‘அஃபிஷியல் கத்தோலிக் டைரக்டரி’ என்ற பெயரில் ஆண்டுதோறும் வெளிவரும் தடித்த புத்தகம். அமெரிக்காவின் எல்லா மறைமாவட்டங்களும் தத்தம் குருக்களின் நிலையை அதற்கு அனுப்புகின்றன. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள், குருமடங்கள், பெருநகரப் பொது நூலகங்கள் ஆகியவற்றில் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும். இவை பெரும்பாலும் வெளியே எடுத்துச் செல்ல இயலாத நூல்கள் என்பதால், நூலகத்திலேயே அமர்ந்து படமெடுத்துக்கொள்ளத் தயாராகச் செல்லுங்கள். 2003இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட ‘பிஷப் அக்கவுண்டபிலிட்டி’ என்ற ஆவணக் காப்பகம் இந்தக் கையேடுகளைக் கொண்டு பல குருக்களின் பணி வரலாற்றை ஏற்கெனவே தொகுத்து இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் தேடலுக்குரியவர் அங்கே இருந்தால் அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அப்போதும், உங்களுக்கு முக்கியமான ஆண்டுகளை மூலப் பக்கத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புத்தகத்தை முன்னாலிருந்து திறக்காதீர்கள். கடைசியில் குருக்களின் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறது. பெயரையும், சபையைக் குறிக்கும் எழுத்துகளையும், மறைமாவட்டத்தின் சுருக்கக் குறியையும் அங்கே பார்த்துக்கொண்டு, அதன் பிறகு அந்த மறைமாவட்டத்தின் பகுதிக்குச் செல்லுங்கள். அந்தப் பகுதியில் ஆயரும் ஆயரக அலுவலர்களும் முதலில் வருவார்கள். அடுத்து ஊர்வாரியாகப் பங்குகளும் அவற்றின் குருக்களும். அதன் பின்னர் பள்ளிகள், மருத்துவமனைகள், அனாதை இல்லங்கள், துறவற இல்லங்கள். இறுதியில், மறைமாவட்டத்துக்கு வெளியே பணியாற்றுவோர், விடுப்பில் இருப்போர், ஓய்வு பெற்றோர், அந்த ஆண்டில் இறந்தோர் என்ற சிறு பட்டியல்கள். புதியவர்கள் பங்கைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒருவர் பங்கில் குடியிருந்துகொண்டே பள்ளியில் மறைக்கல்வி கற்பித்திருக்கலாம். சிறுவர் இல்லத்தின் ஆன்மிக குருவாக இருந்திருக்கலாம். சாரணர் இயக்கத்துக்கான மறைமாவட்டப் பொறுப்பாளராகவும் இருந்திருக்கலாம். சிறாருடன் அவருக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது குறிப்புகளில்தான் இருக்கும். ஆகவே அந்த ஆண்டில் அவர் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாண்டு ஒரே பங்கில் இருந்தாலும் ஐந்து வரிகள் வேண்டும்; நடுவில் ஒரு பதிப்பு கிடைக்காவிட்டால் ‘பார்க்கவில்லை’ என்று அந்த வரியில் எழுதுங்கள். அந்த வரியை விட்டுவிட்டால், பின்னால் படிப்பவருக்கு அவர் அந்த ஆண்டில் காணாமற்போனதாகத் தோன்றும். வரிக்குள் பங்கின் பெயர், ஊர், பொறுப்பு, அதே பங்கில் இருந்த மற்றக் குருக்களின் பெயர்கள், பங்குத்தந்தை யார் என்பது, பங்குக்குச் சொந்தமான பள்ளி இருந்ததா, அதில் எத்தனை மாணவர்கள் என்பது, கிளைப் பங்குகள் எவை என்பது ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். உடனிருந்த குருக்களை எதற்காகக் குறிக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மாடிப்படியில் ஏறிய சிறுவர்களைத் தெரியாமல் இருந்திருக்காது. வழக்கு என்று வந்தால் சாட்சிகளாக அழைக்கப்படுவோர் அவர்களே. கிளைப் பங்குகளை விட்டுவிடக் கூடாது என்பதற்கு அலாஸ்காவே சான்று. அங்கே இயேசு சபையினர் ஓர் ஊரில் தங்கிச் சுற்றியுள்ள பூர்வகுடிக் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றினார்கள். அந்தக் கிராமங்களிலும் வேறு இடங்களிலும் நடந்த கொடுமைகளுக்காக அச்சபையின் ஓரிகன் மாநிலப் பிரிவு 2009இல் திவால் மனு அளித்து, 2011இல் 16 கோடியே 60 லட்சம் டாலர் அளவிலான உடன்பாட்டுக்கு வந்தது. தங்கியிருந்த ஊரின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கிராமங்கள் அட்டவணையில் இடம்பெற்றிருக்காது.

அட்டையில் உள்ள ஆண்டைக் குறித்து ஓர் எச்சரிக்கை. 1975 என்று அச்சிட்ட பதிப்பு, பெரும்பாலும் 1975 தொடக்கத்தில் இருந்த நிலையைக் காட்டுகிறது. அமெரிக்க மறைமாவட்டங்களில் பங்கு மாற்றங்கள் வழக்கமாக ஜூன் மாதத்தை ஒட்டி வருவதால், 1975 கோடையில் நடந்த மாற்றம் 1976 பதிப்பில்தான் தெரியும். 1975 பதிப்பில் ஒரு பங்கிலும் 1976 பதிப்பில் வேறு பங்கிலும் பெயர் இருந்தால், ‘1975இல் எப்போதோ மாறினார்’ என்பதே நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது. சரியான நாள் வேறு ஆவணத்திலிருந்துதான் வர வேண்டும். கேகன் கான்கார்டில் இருந்தது ஏழு மாதங்கள் மட்டுமே. அத்தகைய குறுகிய பணிக்காலம் இரண்டு பதிப்புகளுக்கு இடையே விழுந்துவிட்டால், புத்தகத்தில் அதற்கு அடையாளமே இருக்காது. சோகம் என்னவென்றால், புகார் எழுந்ததும் அவசரமாக முடிக்கப்பட்ட பணிக்காலங்களே அப்படி மறைந்துபோகும் வாய்ப்பு அதிகமுள்ளவை.

வெற்றிடங்களை எப்படிப் படிப்பது

பாஸ்டன் குளோப் செய்தியாளர்கள் 2001இல் செய்தது இதுதான். உயர்மறைமாவட்டத்தின் ஆண்டுக் கையேடுகளை எடுத்து, உடல்நல விடுப்பு, நியமனத்துக்குக் காத்திருத்தல், பணி ஒதுக்கப்படவில்லை, குருக்கள் நியமன அலுவலகம் போன்ற குறிப்புகளின்கீழ் வந்த பெயர்களை ஆண்டுவாரியாகக் கணினியில் ஏற்றினார்கள். ஏற்கெனவே தெரிந்திருந்த குற்றவாளிகள் அந்தக் குறிப்புகளின்கீழ் வந்துபோயிருந்ததைக் கண்டதும், அதே தடத்தில் வந்துபோன மற்றவர்களையும் விசாரித்தார்கள். கடந்த பத்தாண்டுகளில் குறைந்தது 70 குருக்கள்மீதான புகார்களை உயர்மறைமாவட்டம் சத்தமின்றிப் பணம் கொடுத்து முடித்திருந்தது என்ற செய்தியை 2002 ஜனவரி இறுதியில் அவர்கள் வெளியிட்டார்கள்.

இந்தச் சொற்கள் தற்செயலானவை அல்ல என்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழுவின் (குற்றங்களை விசாரிக்கக் கூட்டப்படும் பொதுமக்கள் குழு) அறிக்கை 2018 ஆகஸ்டில் உறுதிப்படுத்தியது. ஆறு மறைமாவட்டங்களின் கோப்புகளை ஆராய்ந்து, 300க்கும் மேற்பட்ட குருக்கள்மீதும், அடையாளம் காணக்கூடிய 1,000க்கும் மேற்பட்ட சிறார்கள் பற்றியும் எழுதப்பட்ட அந்த அறிக்கை, மறைப்பதற்கு மறைமாவட்டங்கள் கையாண்ட வழிகளை ஒரு பட்டியலாகவே தந்திருக்கிறது. வன்புணர்வை அந்தப் பெயரால் குறிக்காமல் ‘தகாத தொடர்பு’ என்று எழுதுவது. குருவை அகற்றும்போது மக்களிடம் ‘உடல்நல விடுப்பு’ என்றோ ‘நரம்புத் தளர்ச்சி’ என்றோ சொல்வது. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டால், அவரைத் தெரியாத வேறோர் ஊருக்கு மாற்றுவது ஆகியவை அதில் அடக்கம். அட்டவணையில் ‘விடுப்பு’ என்ற சொல்லைக் காணும்போது இந்தப் பின்னணி நினைவில் இருக்க வேண்டும்.

அதற்காக எல்லா விடுப்பும் குற்றத்தின் அடையாளமாகிவிடாது. குருக்களுக்கும் நோய் வரும். சிலர் திருச்சபைச் சட்டம் படிக்க உரோமைக்குச் சென்றிருப்பார்கள். சிலர் இராணுவத்தில் ஆன்மிக குருக்களாக இருந்திருப்பார்கள். பாஸ்டன் பேராயர் குஷிங் 1958இல் தொடங்கிய புனித யாக்கோபு மறைப்பணிச் சங்கத்தின் வழியாகத் தென் அமெரிக்காவுக்குச் சென்றவர்களும் உண்டு. ஆகவே வெற்றிடத்தை ஒரு கேள்வியாக மட்டும் பதிவு செய்யுங்கள். அந்த ஆண்டில் தரப்பட்டுள்ள முகவரி அடுத்த தடயம். நியூ மெக்சிகோவின் ஹெமெஸ் ஸ்பிரிங்ஸில் இருந்த குருக்களுக்கான சிகிச்சை இல்லம், மேரிலாந்தில் உள்ள புனித லூக்கா நிலையம், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங்’ மருத்துவமனை, மாசசூசெட்ஸின் விட்டின்ஸ்வில்லில் இருந்த ‘ஹவுஸ் ஆஃப் அஃபர்மேஷன்’ ஆகியவற்றுக்குக் குற்றஞ்சாட்டப்பட்ட குருக்கள் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். இதே இடங்களுக்குக் குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை பெற வந்தவர்களும் உண்டு என்பதால், முகவரி மட்டுமே ஆதாரமாகாது.

வெற்றிடத்தைவிட எனக்கு அதிகம் பொருளுள்ளதாகத் தோன்றுவது பணிக்காலத்தின் நீளம். அமெரிக்க ஆயர் பேரவை 1980களில் அளித்த அனுமதியின்படி, பங்குத்தந்தையின் பணிக்காலத்தை ஆறாண்டுகளாக வரையறுத்துக்கொள்ளும் மறைமாவட்டங்கள் பல. உதவிப் பங்குத்தந்தையர் அதைவிட விரைவாக மாறுவார்கள். எனவே ஒருவரை மதிப்பிடும்போது அதே ஆண்டில் அதே மறைமாவட்டத்தில் பட்டம் பெற்ற வேறு மூவர் நால்வரின் அட்டவணையையும் போட்டுப் பாருங்கள். உடன் பட்டம் பெற்றவர்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும்போது இவர் மட்டும் ஓராண்டு, எட்டு மாதம், ஓராண்டு என்று மாறியிருந்தால், அல்லது கோடையில் வர வேண்டிய மாற்றம் நடுக்குளிர்காலத்தில் வந்திருந்தால், அங்கே நிறுத்தி ஆராய வேண்டும். ஒப்பீடு இல்லாமல் ‘அடிக்கடி மாற்றப்பட்டார்’ என்று எழுதுவதற்கு அடிப்படை இல்லை.

எல்லை தாண்டிய மாற்றங்கள்

ஒரு மறைமாவட்டத்துக்குள் தேடுவது எளிது. பெயர் அந்தப் பகுதியிலிருந்து முற்றிலும் மறைந்துவிடும்போதுதான் வேலை கடினமாகிறது. அப்போது கடைசி அகரவரிசைப் பட்டியலுக்கே திரும்பிச் சென்று, வேறு மறைமாவட்டக் குறியுடன் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் மறைமாவட்டக் குருவான ஜேம்ஸ் போர்ட்டர், நார்த் ஆட்டில்பரோவிலும் வேறு பங்குகளிலும் சிறாரைச் சீரழித்த பின், ஹெமெஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பப்பட்டு, 1969இல் மினசோட்டாவின் பெமிட்ஜியில் மீண்டும் ஒரு பங்கில் அமர்த்தப்பட்டார். 1993இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாஸ்டனின் பால் ஷான்லி 1990இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவுக்குச் சென்றபோது, அவர் நற்பெயருடைய குரு என்று பாஸ்டன் துணை ஆயர் ராபர்ட் பேங்க்ஸ் எழுதிய கடிதம் உடன் சென்றது. இப்படிச் செல்பவர் தம் சொந்த மறைமாவட்டத்தின் பக்கத்தில் ‘மறைமாவட்டத்துக்கு வெளியே பணி’ என்ற சிறு பட்டியலில் ஒரு வரியாக நிற்பார். அந்த வரியையும் புதிய மறைமாவட்டத்தின் பக்கத்தையும் இணைப்பதே உங்கள் வேலை.

துறவற சபைகளின் குருக்கள் இன்னும் சிக்கலானவர்கள். அவர்களை நியமிப்பவர் சபையின் மாநிலத் தலைவர் (சபை தன் நிர்வாகத்துக்காகப் பிரித்துக்கொண்ட பகுதியே இங்கே மாநிலம்). சபை மாநிலத்தின் எல்லை, மறைமாவட்ட எல்லைகளைக் கடந்தது. ஒரு மாநிலத் தலைவர் தம் குருவைச் சிகாகோவிலிருந்து டென்வருக்கு மாற்றும்போது, எந்த ஆயருக்கும் முழுக் கதை தெரிய வேண்டியதில்லை. இயேசு சபை போன்றவை தத்தம் உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் தனியே அச்சிட்டிருக்கின்றன. அவற்றைச் சபையின் பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். 2018 டிசம்பரில் அமெரிக்க இயேசு சபை மாநிலங்கள் சில, குற்றஞ்சாட்டப்பட்டோரின் பட்டியலைப் பணியிடங்களுடன் வெளியிட்டன.

நாட்டின் எல்லையையும் தாண்ட வேண்டியிருக்கலாம். ஊட்டி மறைமாவட்டத்தின் ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004இல் மினசோட்டாவின் க்ரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குச் சென்று, கிரீன்புஷ் பகுதியில் பணியாற்றி, 2005இல் இந்தியா திரும்பினார். அமெரிக்காவில் அவர்மீது வழக்குப் பதிவானபோது அவர் ஊட்டி மறைமாவட்டத்தில் பணியில் இருந்தார். 2012இல் தமிழ்நாட்டில் கைது செய்யப்பட்டு, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு ஓராண்டும் ஒருநாளும் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியா திரும்பிய பின் 2016 தொடக்கத்தில் அவர்மீதான பணித்தடையை ஆயர் நீக்கினார். இத்தகைய ஒருவரை அமெரிக்கக் கையேட்டில் மட்டும் தேடினால், அவருடைய வாழ்க்கையில் ஓராண்டுதான் கிடைக்கும். முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளுக்கு இந்தியக் கத்தோலிக்கக் கையேட்டையும் மறைமாவட்டத்தின் சொந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் இந்தப் பணிக்கு உதவக்கூடிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கையேட்டுக்கு வெளியே

ஆண்டைக் கையேடு தரும். நாளையும் காரணத்தையும் வேறிடத்தில் தேட வேண்டும். பாஸ்டனின் ‘பைலட்’ போன்ற மறைமாவட்ட வார இதழ்கள் நியமனங்களை நாளுடன் அறிவிப்பவை. பங்கு நூற்றாண்டு மலர்கள் அங்கே பணியாற்றிய குருக்களை வரிசைப்படுத்தும். ஆனால் பெயர் கெட்டவர்களைப் பிற்காலப் பதிப்புகளில் நீக்கிவிடுவதுண்டு என்பதால் பழைய மலரையே தேடுங்கள். இரங்கல் குறிப்புகளில் பணியிடங்கள் வரிசையாக இருக்கும், இடைவெளிகள் மட்டும் பூசி மெழுகப்பட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் வலுவானவை, நீதிமன்றங்கள் வழியே வெளிவந்த தனிநபர் கோப்புகள். பாஸ்டனின் கோப்புகள் 2002இலும், லாஸ் ஏஞ்சலஸின் கோப்புகள் 2013 ஜனவரியிலும், மில்வாக்கியின் கோப்புகள் அதே ஆண்டு ஜூலையிலும், சிகாகோவின் கோப்புகள் 2014 ஜனவரியிலும் வெளிவந்தன. அவற்றில் நியமனக் கடிதங்களுடன் புகார்க் கடிதங்களும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் நாள்வாரியாக உங்கள் அட்டவணையில் சேர்த்துவிட்டால், தாய் ஒருவர் எழுதிய புகாருக்கும் அடுத்த பங்கு நியமனத்துக்கும் இடையே எத்தனை வாரங்கள் என்பது கண்முன் நிற்கும். இந்தப் பணி முழுவதிலும் அதைவிடக் கனமான ஒன்றை நான் கண்டதில்லை. கோப்பில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 489ஆம் விதி, ஒழுக்கம் சார்ந்த குற்ற வழக்குகளின் ஆவணங்களை, குற்றவாளி இறந்த பின்னரோ தண்டனைத் தீர்ப்புக்குப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரோ, ஒரு சுருக்கத்தையும் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு அழித்துவிடச் சொல்கிறது.

மறைமாவட்டங்கள் தாமே வெளியிடும் பட்டியல்களைப் பயன்படுத்துங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாதீர்கள். புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2020 ஜனவரியில் அத்தகைய 178 பட்டியல்களை ஒரே இடத்தில் தேடும்படி தொகுத்தது. சில பட்டியல்களில் பணியிடங்கள் ஆண்டுடன் உண்டு, சிலவற்றில் பெயர் மட்டுமே. வேறு மறைமாவட்டத்திலிருந்து வந்தவர்களையும் துறவிகளையும் இறந்தவர்களையும் விட்டுவிட்ட பட்டியல்கள் இருக்கின்றன. இலினாய் மாநிலத்தில் விசாரணை தொடங்கும் முன் மறைமாவட்டங்கள் தாமாக வெளியிட்டிருந்த பெயர்கள் 103. 2023 மே மாதத்தில் மாநிலத் தலைமை வழக்குரைஞர் வெளியிட்ட அறிக்கையில் இருந்தவை 451. ஒரு பட்டியலில் பெயர் இல்லாததைக் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

குற்றச்சாட்டின் நிலையைத் தனி நிரலில் எழுதுங்கள்

பணியிட விவரத்தையும் குற்றச்சாட்டையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள். குற்றச்சாட்டுக்கான நிரலில், உரிமையியல் வழக்கு தொடரப்பட்டது, இழப்பீடு தந்து முடிக்கப்பட்டது, மறைமாவட்டம் நம்பத்தக்கது என்று அறிவித்தது, குற்றவியல் நீதிமன்றம் தண்டித்தது, விடுவித்தது, குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார் என்று ஆவணம் சொல்லும் சொல்லையே எழுதி, நாளையும் சேருங்கள். ‘நம்பத்தக்கது’ என்பதற்கு ஒவ்வொரு மறைமாவட்டமும் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. பெரும்பாலான குற்றங்கள் தண்டனைச் சட்டத்தின் காலவரம்பு கடந்த பின்னரே வெளிவந்ததால், தண்டனை இல்லாமை எதையும் நிறுவுவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டு பக்கமும் மிகையாக எழுதாமல் இருப்பதே பாதிக்கப்பட்டவருக்கு நாம் செய்யும் நேர்மையான உதவி. மிகையாக எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழு அட்டவணையையும் பொய்யென்று தள்ளிவிட எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கு ஒரு நிமிடம் போதும்.

அட்டவணை முடிந்ததும் அதைத் திருப்பிப் போடுங்கள். குருவை வைத்துத் தேடியதை இப்போது பங்கை வைத்துத் தேட வேண்டும்: அந்தப் பங்கில் முப்பது நாற்பது ஆண்டுகளில் இருந்த எல்லாக் குருக்களையும் எழுதி, வெளியான பட்டியல்களுடன் ஒப்பிடுங்கள். ஒரே பங்கில் அடுத்தடுத்து இருவர் மூவர் வந்திருக்கும் இடங்கள் தெரியவரும். ஒரே பங்குத்தந்தையின்கீழ் அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்களா என்பதும் தெரியும்.

பாதிக்கப்பட்ட ஒருவர் கேட்டு நீங்கள் இதைச் செய்வதாயின், முறை சற்று வேறு. சிறுவயதில் நடந்ததை ஆண்டாக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. நான்காம் வகுப்பில் படித்தபோது, முதல் நற்கருணை வாங்கிய பிறகு, தாத்தா இறந்த கோடையில் என்றே நினைவு அமைந்திருக்கும். அவர் சொல்வதை முதலில் முழுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகே அட்டவணையைத் திறங்கள். குரு அங்கே இருந்த ஆண்டுகளை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பின்னால் அவருடைய நினைவுக்கு இருக்க வேண்டிய தனி மதிப்பு குறைந்துவிடும். நினைவும் அட்டவணையும் பொருந்தாதபோது நினைவைச் சந்தேகிக்கும் முன், கையேட்டின் ஓராண்டுத் தாமதத்தையும், குரு மாறிய பிறகும் பழைய பங்குக் குடும்பங்களின் வீடுகளுக்கு வந்துபோயிருக்கும் வாய்ப்பையும், கோடைக்கால முகாம்களையும் சோதியுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் அட்டவணையிலோ அதன் கோப்புப் பெயரிலோ எங்கும் வரக் கூடாது. மற்றவர்களைத் தேடி நீங்களாகவே வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அவர்களில் சிலர் தம் துணையிடம்கூடச் சொல்லாதவர்களாக இருப்பார்கள்.

வழக்குத் தொடரும் காலவரம்பை மாநிலங்கள் மாற்றிவருவதையும் கவனியுங்கள். காலவரம்பு கடந்த புகார்களுக்கும் வழக்குத் தொடர, நியூயார்க்கில் 2019 ஆகஸ்டில் திறந்து 2021 ஆகஸ்டில் மூடிய வாய்ப்பும், கலிஃபோர்னியாவில் 2020 தொடக்கத்திலிருந்து 2022 இறுதிவரை இருந்த வாய்ப்பும் ஆயிரக்கணக்கான புதிய மனுக்களைக் கொண்டுவந்தன. அந்த மனுக்களில் பங்கும் ஆண்டும் குறிப்பிடப்பட்டிருப்பதால், முன்பு முடித்துவைத்த அட்டவணைகளையும் அவற்றுடன் மறுபடி ஒப்பிட வேண்டும்.

இறுதியாக, நீங்கள் பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, பதிப்பின் ஆண்டையும் பக்க எண்ணையும் வரிக்கு எதிரே எழுதுங்கள். மறைமாவட்டங்களின் இணையப் பட்டியல்களைப் பார்த்த நாளுடன் சேமித்துவையுங்கள். அவற்றில் பெயர்கள் அறிவிப்பின்றிச் சேர்வதும், ஊர்களின் வரிசை மாறுவதும், மறைமாவட்டங்கள் இணைக்கப்படும்போது பக்கமே காணாமற்போவதும் நடக்கக்கூடியவை. பங்குகளும் மூடப்பட்டு ஒன்றாக்கப்பட்டுப் புதுப்பெயர் பெறுகின்றன. ஆகவே அன்றைய பெயருக்கு அருகில் இன்றைய பெயரையும் எழுதிவிட்டால், அந்தப் பங்கில் வளர்ந்து இப்போது வேறு மாநிலத்தில் வாழும் ஒருவர் தேடும்போது இரண்டில் எந்தப் பெயரைக் கொண்டு தேடினாலும் உங்கள் அட்டவணை அவருக்குக் கிடைக்கும்.